திருக்கையின் இரண்டு இதழ்

ஜனவரி 11

வாலு,

உன்னை இந்தப் பெயரில் அழைக்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. வேறு எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை. நீ என் போனை எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு பேசுகிறாய். அப்போது நானும் அதே அறையில்தான் துணி மடித்துக்கொண்டிருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

இது வேலை விஷயம். கல்லூரியில் நம் விலங்கியல் துறையின் காட்சியறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அந்த இடத்தில் கூட்ட அறை வரப்போகிறதாம். துறைத்தலைவர் வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "இப்பல்லாம் இதயத்தக் கம்ப்யூட்டர்லயே சுத்திச் சுத்திப் பாக்கலாமே மேடம். இந்த நாத்தம் புடிச்ச ஜாடியெல்லாம் எதுக்கு?"

"கம்ப்யூட்டர்ல சுத்துறதும் யாரோ ஒருத்தர் ஜாடியப் பாத்து வரைஞ்சதுதான் சார்" என்றேன். அவர் சிரித்தார். அறை காலியாகத்தான் போகிறது.

நாம் அடுக்கிய வரிசை அப்படியே இருக்கிறது. முதல் தட்டில் சுறா, திருக்கை இதயங்கள்: கீழறைக்கு முன்னால் தசையாலான கூம்பு, அதற்குள் வரிசை வரிசையாக வால்வுகள். அடுத்த தட்டில் எலும்பு மீன்கள்: கூம்பு சுருங்கிப்போய் அதன் இடத்தில் வெங்காயம் போல் வெள்ளையாக ஒரு குமிழ். அதற்குக் கீழே தவளை, ஆமை. இதயத்தைவிட்டு ரத்தம் வெளியேறும் அந்த ஓர் அங்குல வழியைப் பார்ப்பதிலேயே நம் இருவருடைய பாதி வாழ்க்கை போயிருக்கிறது. இவற்றில் எது உனக்கு வேண்டும் என்று எழுது. மற்றவற்றை வேறு கல்லூரிகளுக்குக் கேட்டுப் பார்க்கிறேன்.

இன்னொன்று. நடந்ததை நீ அம்மாவிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாய். நம் இருவர் பெயரிலும் வந்த கட்டுரையில், அந்தச் சந்தை மீனின் குமிழுக்குள் இரண்டாவதாக ஒரு வால்வு வரிசை மிச்சமிருப்பதாக எழுதினோம். நுண்ணோக்கிக்காகச் சீவல்களை வெட்டி எடுத்தது நீ. பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டது நான். பிறகு எனக்குச் சந்தேகம் வந்தது. விடுமுறையில் புதிய இதயங்களை வாங்கி, உள்ளே நீர்மத்தை அழுத்தி நிரப்பி, குமிழ் உப்பிய நிலையிலேயே ஃபார்மலினில் போட்டு இறுக வைத்தேன். அப்படிச் செய்ததும் அந்த வரிசை காணாமல் போனது. நாம் பார்த்தது வால்வே இல்லை. ரத்தம் வடிந்து சுருங்கிப்போன சுவரின் மடிப்பு. ஆய்விதழுக்கு எழுதினேன், கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. உன்னை ஒழிக்க வேண்டும் என்று நான் எதையும் செய்யவில்லை.

முதலில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்கிறாய். சொல்லியிருந்தால் நீ கெஞ்சியிருப்பாய். நீ கெஞ்சினால் நான் இளகிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

அக்கா


ஜனவரி 24

இன்ஸ்பெக்டர் அக்காவுக்கு,

உன் கடிதத்தில் தேதி, பொருள், விவரம் எல்லாம் முறையாக இருக்கிறது. ரப்பர் ஸ்டாம்ப் ஒன்றுதான் குறை.

நீ திருத்தி எழுதிய வரலாற்றில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. கட்டுரை திரும்பப் பெறப்பட்ட செய்தி எனக்கு எப்படித் தெரிந்தது? வேலைக்கான நேர்காணலில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சொல்லித் தெரிந்தது. "இத உங்க அக்காவே வாபஸ் வாங்கிட்டாங்களேம்மா, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் என்று தலையாட்டினேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். உன்மேல் கோபம்கூட வரவில்லை. நான் வெட்டிய அதே மீனை, என்னைக் கூப்பிடாமல், திருடன் வீட்டில் சோதனை போடுவது மாதிரி தனியாக உட்கார்ந்து மறுபடி வெட்டிப் பார்த்திருக்கிறாயே என்றுதான் இருந்தது.

சரி, போகட்டும். இந்த மீன் ஆராய்ச்சி நிலையத்தில் நான் ஒரு தற்காலிக வேலையில் நிரந்தரமாக இருக்கிறேன். மீன்தொட்டி அறையின் சுவரெல்லாம் ஈரம். எந்நேரமும் பம்புச் சத்தம். பம்ப் மெக்கானிக் ஒருவர்தான் பேச்சுத்துணை. "மேடம், மூணாம் நம்பர் தொட்டி இன்னைக்குக் கொஞ்சம் டென்ஷனா இருக்கு" என்பார். மீனைச் சொல்கிறாரா, மோட்டாரைச் சொல்கிறாரா என்று இதுவரை எனக்கு விளங்கவில்லை. நான் இப்போது உயிருள்ள இதயங்களை மட்டும்தான் பார்க்கிறேன். செத்தவை உன் பங்கு.

ஜாடிகளில் எனக்கு ஒன்றே ஒன்று போதும். நாம் முதன்முதலில் சேர்ந்து திறந்த சுறா இதயம். அதை உன் சாப்பாட்டு டப்பாவில் வைத்துக் கொண்டுவந்து, அம்மா திறந்து பார்த்து அலறினாளே, அது.

உன்னிடம் ஒரு கேள்வி. இங்கே ஒரு பெண் திருக்கை இருக்கிறது. நன்றாக வளர்ந்தது. ஸ்கேன் கருவியில் பார்த்தபோது கூம்பின் முன்வரிசை வால்வில் மூன்று இதழ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் தெரிகிறது. அதைத் தாண்டியதும் பெருங்குழாய் உப்பி, சுவர் மெலிந்திருக்கிறது. திறந்து பார்க்கலாம். திறந்தால் பிழைக்காமலும் போகலாம். விட்டுவைத்தால் எத்தனை காலம் தாங்கும்? நீ அறுத்தவற்றில் இப்படி ஏதாவது பார்த்திருக்கிறாயா? நீயாக இருந்தால் என்ன செய்வாய்?

வாலு


பிப்ரவரி 6

வாலு,

சுறா ஜாடியைத் தனியாக எடுத்து என் மேசைக்கு அடியில் வைத்துவிட்டேன். மூடியில் புது மெழுகு பூசியிருக்கிறேன்.

நேர்காணலில் நடந்தது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். முன்வரிசையில் இரண்டே இதழ் உள்ள திருக்கைகளை நானும் பார்த்திருக்கிறேன். அபூர்வம், ஆனால் உண்டு. இரண்டு இதழ்கள் பிறவியிலேயே ஒட்டிப்போய் ஒன்றாகிவிடுகின்றன. அப்படிப்பட்ட வால்வு முழுதாகத் திறக்காது. ரத்தம் நடுவில் வராமல் ஒருபக்கமாகச் சாய்ந்து பாயும், பாய்கிற பக்கத்துச் சுவர் நாளடைவில் உப்பும். எனக்குக் கிடைத்தவை எல்லாமே நன்கு வளர்ந்த உடம்புகள். ஒன்றில்கூடக் கிழிசல் இல்லை. இத்தனை வருடம் அதோடு வாழ்ந்துவிட்ட உயிர் மிச்சத்தையும் வாழ்ந்துவிடும் என்றே சொல்வேன். அதன் உடம்பில் அழுத்தமும் குறைவு. திறக்காதே. விட்டுவிடு.

இந்த அழுத்தக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். அதை என்னிடம் போய்க் கேட்கிறாளே என்று ஒரு கணம் தோன்றியது. பேச்சைத் தொடங்க உனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு ஜாடிகள் மாதிரி.

ஸ்கேன் படத்தை அனுப்பு. படத்தைப் பார்க்காமல் நான் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன், உனக்குத் தெரியும்.

உன் கடிதத்தைப் பார்த்ததும் அம்மா தண்ணீர்க் குழாயைக்கூட மூடாமல் ஓடிவந்தாள். "வாலு என்ன எழுதியிருக்கா?" என்றாள். மீனைப் பற்றி என்றேன். "மீனா? இத்தன வருஷம் கழிச்சு எழுதுறா, அதுலயும் மீனா? உங்க ரெண்டு பேருக்கும் வேற பேச்சே கெடையாதா?" என்று திட்டிவிட்டுப் போனாள்.

அக்கா


மார்ச் 2

அக்கா,

நீ சொன்னபடியே விட்டுவிட்டேன். படம் சரியாக வரவில்லை, அனுப்புவதற்கில்லை.

திருக்கை நன்றாக இருக்கிறது. மாடி ஏறினால் மட்டும் மூச்சு வாங்குகிறது என்று மெக்கானிக் சொல்கிறார். சிரி. உனக்காகத்தான் எழுதினேன்.

போன வாரம் வேறொரு மீனில் குமிழுக்குள் அழுத்தம் பதிவு செய்தேன். நீ இதைப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். உன்னிடம் வருவதெல்லாம் துடிப்பை முடித்துவிட்டு வருபவைதானே. கீழறை ஒரே அடியாக ரத்தத்தைத் தள்ளுகிறது. குமிழ் அதை வாங்கி உப்பிக்கொள்கிறது. கீழறை ஓய்ந்து, வால்வு மூடிய பிறகும் குமிழ் தான் வாங்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செவுளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த அடி அப்படியே செவுளில் போய் இறங்கினால் அங்குள்ள மெல்லிய குழாய்கள் தாங்காது. அம்மா ஞாபகம் வந்தது. உன்னைப் பற்றி நான் சொன்னதையும், என்னைப் பற்றி நீ சொன்னதையும் இத்தனை காலம் அவள்தான் வாங்கி வைத்துக்கொண்டு, பாதியை மட்டும், அதுவும் மெதுவாக, மற்றவரிடம் விட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். அப்பா விழுந்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நீதான் வீட்டில் இருந்தாய். அவர் கையை எங்கே வைத்திருந்தார்? நெஞ்சிலா?

விடுமுறைக்கு இங்கே வாயேன். என் அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பம்ப் வீட்டுச் சுவர்தான் தெரியும், ஆனால் காற்று வரும். வந்தால் சண்டை போட மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. வா.

வாலு


மார்ச் 19

வாலு,

தேர்வுத் தாள்கள் வந்து குவிந்திருக்கின்றன. ஒரு மாணவன் தவளையின் இதயத்துக்கு நான்கு அறைகள் கொடுத்திருக்கிறான். தாராள மனசு. இப்போது வர முடியாது. அது மட்டுமல்ல. வந்தால் நீ அந்தப் படிக்கட்டைப் பற்றிப் பேசுவாய். அதற்கு என்ன பதில் சொல்வது என்று நான் இன்னும் யோசித்து முடிக்கவில்லை. மே மாதம் பார்ப்போம்.

குமிழைப் பற்றி எழுதியிருந்ததை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "என்ன மீனோட ஒப்பிட்டுட்டாளா?" என்று கேட்டாள். ஆனால் கோபமில்லை. அன்று முழுக்க ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா கேட்டாயே. அவர் கை நெஞ்சில் இல்லை. முகம் கழுவிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார். கையைப் பின்னால் வளைத்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே எதையோ எட்டிப் பிடிக்கப் பார்த்தார். "முதுகுல ஏதோ கிழியுற மாதிரி இருக்கும்மா" என்றார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். நாமும் அதை ஏற்றுக்கொண்டோம். அவர் மிக உயரம், நீ அவர் ஜாடை

மேலே உள்ள வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய், உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன்.

திருக்கை எப்படி மாடி ஏறும்?

கிழிகிற மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னதை இத்தனை வருடம் தலையில் வைத்திருக்கிறேன். பெருந்தமனிச் சுவர் எப்படிக் கிழியும் என்று வருடா வருடம் கரும்பலகையில் வரைகிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

அந்தத் திருக்கைக்கு என்ன வயது? உப்பிய குழாயின் அளவு எவ்வளவு? எந்த மருத்துவமனையில் பார்த்தார்கள்? நான் விட்டுவிடச் சொன்னது மீனை. மீனைத்தான் சொன்னேன். இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து போன் செய்கிறேன். எடு. தயவுசெய்து இந்த ஒரு தடவை எடு.

அக்கா


மார்ச் 27

அக்கா,

போன் செய்தாய். நானும் எடுத்தேன். பிறகு இருவரும் மாறி மாறி "ஹலோ" சொன்னதைத் தவிர அதில் ஒன்றும் நடக்கவில்லை. நீ மூக்கை உறிஞ்சியது மட்டும் தெளிவாகக் கேட்டது. நமக்குக் கடிதம்தான் சரி.

இங்கே திருக்கையே கிடையாது. தொட்டியில் இருப்பதெல்லாம் சாதுவான சின்ன மீன்கள். டிசம்பரில், படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதே என்று டாக்டரிடம் போனேன். எக்கோ ஸ்கேனில் பார்த்துவிட்டு, பெருந்தமனி வால்வில் மூன்றுக்குப் பதில் இரண்டு இதழ் என்றார். குழாயும் உப்பியிருக்கிறது, அதை வெட்டி எடுத்துவிட்டு வேறு குழாய் தைக்க வேண்டும் என்றார். "உடனேன்னு இல்ல, ஆனா ரொம்பத் தள்ளிப் போடாதீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இல்லாத வால்வு வரிசையைக் கண்டுபிடித்து எழுதியவளுக்கு, இருக்க வேண்டிய இதழில் ஒன்று குறைகிறது. எலும்பு மீனாகப் பிறந்திருந்தால் இரண்டு இதழே போதும், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

உன்னிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ பயந்துபோய் ஓடிவருவாய். பயத்தில் வரும் அக்கா எனக்கு வேண்டாம் என்று ஒரு வீம்பு. நீயாக வர வேண்டும் என்றிருந்தது. அதற்குள் உன் ஜாடிக் கடிதம் வந்தது. அதனால் திருக்கையை விட்டுக் கேட்டேன்.

இதைக் கவனமாகப் படி. நீ விட்டுவிடு என்று எழுதியதால் நான் தள்ளிப்போடவில்லை. மீனின் அழுத்தத்துக்கும் மனுஷியின் அழுத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? தள்ளிப்போட எனக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. யார் சொன்னாலும் எடுத்துக்கொண்டிருப்பேன். நீ சொன்னது இன்னும் வசதியாக இருந்தது, அவ்வளவுதான். முதுகு என்று நீ எழுதியதைப் படித்த அன்றே டாக்டரிடம் போனேன். குழாயின் அளவு கூடியிருக்கிறது. ஏப்ரல் 22 அறுவை சிகிச்சை. நீ இருபதாம் தேதி வா. அதற்கு முன்னால் வேண்டாம், தாள்களைத் திருத்தி முடி. அம்மாவிடம் நான் நேரில் சொல்லிக்கொள்கிறேன். சுறா ஜாடியை எடுத்துக்கொண்டு வா.

இன்னொன்று. அந்தச் சந்தை மீனை நானும் வாங்கி, உன் முறைப்படி நிரப்பி, வெட்டிப் பார்த்தேன். போன வருடமே பார்த்துவிட்டேன். வரிசை இல்லை. மடிப்புதான். நீ சொன்னது சரி. சொல்லத்தான் மனசு வரவில்லை. நீ சரியாக இருந்தது என் கோபத்தைக் குறைக்கவில்லை, அக்கா. "வாலு, எனக்குச் சந்தேகமா இருக்கு, வா, ரெண்டு பேரும் சேர்ந்து மறுபடி பாப்போம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உன் பக்கத்தில் உட்கார்ந்து நானே அந்தக் கட்டுரையைக் கிழித்திருப்பேன்.

நீயும் போய் எக்கோ எடுத்துக்கொள். இது குடும்பத்தில் வரும். படம் கேட்டாயே, அனுப்பவில்லை. இந்த ஒரு தடவை படம் இல்லாமல் நம்பு.

வாலு


மே 9

வாலு,

இதை எங்கே அனுப்புவது என்று எனக்குத் தெரியும். எங்கேயும் இல்லை. ஆனாலும் உன் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

நீ இருபதாம் தேதி என்றாய். இருபதாம் தேதி போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் எடுத்தேன். சொன்னால் சொன்னபடி செய்கிறவள் நான். தாள்களையும் திருத்தி முடித்தேன். பதினெட்டாம் தேதி காலையில் மெக்கானிக்கிடமிருந்து போன் வந்தது.

அவர்தான் எல்லாம் சொன்னார். "தொட்டிக்கிட்ட நின்னு எழுதிட்டு இருந்தாங்க மேடம். எழுதிட்டே இருந்தவங்க கையப் பின்னால கொண்டு போனாங்க. ஏதாச்சும் கடிச்சுதான்னு கேட்டேன். இல்லண்ணே, எங்க அப்பா ஞாபகம் வந்துச்சுன்னாங்க. அப்புறம் பம்ப நிறுத்துங்கண்ணே, சத்தமா இருக்குன்னாங்க. நிறுத்திட்டுத் திரும்புறேன்…" அவர் திரும்பியபோது நீ தரையில் கிடந்தாயாம். பம்பை நிறுத்தப் போகாமல் இருந்திருக்கலாமோ என்று கேட்டார். நீங்கள் நின்றிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்றேன். உண்மை அதுதான். என்னிடம் யாராவது அப்படிச் சொல்ல வருகிறார்களா என்று பார்க்கிறேன். சொல்கிறார்கள். நான்தான் கேட்கிறவளாக இல்லை.

ஜாடியைக் கொண்டுவந்திருந்தேன். என்ன யோசனையில் அதை எடுத்தேனோ தெரியாது. பஸ் முழுக்க அது என் மடியில் இருந்தது. மருத்துவமனை பெஞ்சில் எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருந்தது. பழைய டப்பாவைப் பார்த்து அலறிய அம்மா, இப்போது அந்த ஜாடியின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இதுதானா அது?" என்றாள். ஆமாம் என்றேன். "நீங்க மீனப் பத்திப் பேசுறீங்கன்னு நெனச்சேனே" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது உன் கடிதங்களைத் தினமும் ஒன்றாக அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். மாடி ஏறும் திருக்கையைக் கேட்டு முதலில் சிரித்தாள்.

ஜாடி உன் தொட்டி அறை அலமாரியில் இருக்கிறது. மெக்கானிக் கேட்டு வாங்கிக்கொண்டார். உன் அறையில் நீ சொன்ன இடத்தில் இரண்டாவது கட்டில் ஏற்கெனவே போட்டிருந்தது. அதில்தான் படுத்தேன். காற்று வந்தது.

எக்கோ எடுத்துக்கொண்டேன். எனக்கு மூன்று இதழ். மூன்றும் சுத்தமாகத் திறந்து மூடுகின்றன. "நல்ல சேதி" என்றார் டாக்டர். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ சொன்னது சரி, உயிருள்ள இதயத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. அது மூடும்போது இவ்வளவு வேகமாக மூடும் என்று எனக்குத் தெரியாது.

இன்னும் ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. மருத்துவமனையில் சின்ன வயது டாக்டர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்தார். நான் யார், என்ன வேலை என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். தயங்கித் தயங்கி, "உடம்ப உள்ள இன்னும் வச்சிருக்கோம் மேடம். உங்க துறைதானே. வால்வு, குழாய் எல்லாம் நீங்களே பாக்கணும்னா ஏற்பாடு பண்றேன்" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். நான் எதையும் என் கண்ணால் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதவள் என்பது அவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

வேண்டாம் என்றேன்.

"உறுதிப்படுத்திக்க வேணாமா மேடம்?"

"என் தங்கச்சி எழுதியிருக்கா" என்றேன்.

வாலு, நான் திறந்து பார்க்கவில்லை. நீ இரண்டு என்றாய். இரண்டுதான்.

அக்கா